கேள்வி–பதில்: வீட்டில் கட்டும் வால்வு மைக்

இந்த மாதக் கடிதங்களில் நான்கு, ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் செய்த யு 47 என்ற பழைய வால்வு மைக்கையே சுற்றி வந்திருக்கின்றன. (மெல்லிய சிக்னலைப் பெருக்கும், சூடாகி வேலை செய்யும் குழாய்தான் வால்வு.) எனக்கும் மிகப் பிடித்த விஷயம். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்குத்தான்.

அப்பா ரேடியோ மெக்கானிக். அவருடைய சால்டரிங் அயர்னும் மீட்டரும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. யு 47 போல ஒரு மைக் கட்ட ஆசைப்பட்டேன். ஆனால் அதில் இருக்கும் வி.எஃப். 14 வால்வின் விலையைக் கேட்டதும் ஆசை அடங்கிவிட்டது. வேறு வால்வு போட்டுக் கட்டினால் அந்த ஒலி வருமா?
— வாசகர், திண்டுக்கல்

ஆசையை விட்டுவிடாதீர்கள் தம்பி. அந்த வால்வின் கதையைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

யு 47 பெர்லினில் 1949-ல் விற்பனைக்கு வந்தது. வி.எஃப். 14 மைக்குக்காகப் பிறந்த வால்வு இல்லை. டெலிஃபங்கன் நிறுவனம் ரேடியோ பெட்டிகளுக்காகச் செய்த, இரும்புக் கூடு போட்ட, ஐந்து மின்முனை உள்ள பெண்டோடு வால்வு அது. நியூமன் அதை மூன்று மின்முனை வால்வு போல, ட்ரையோடாக இணைத்துக்கொண்டார்கள். அதை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்கு 55 வோல்ட் கொடுக்க வேண்டும். இவர்களோ ஏறக்குறைய 36 வோல்ட்தான் கொடுத்தார்கள். அரைச் சூட்டில் ஓடினால் வால்வு நீண்ட நாள் உழைக்கும். அப்படியும் எல்லா வால்வும் ஒத்துவராது. இரைச்சல் குறைந்தவற்றைப் பொறுக்கி எடுத்து ‘எம்’ என்று முத்திரை போட்டுத்தான் மைக்குக்குள் வைத்தார்கள். 1950-களின் இறுதியில் அந்த வால்வின் உற்பத்தி நின்றது. 1965-ல் மைக்கும் நின்றது. மாற்று வால்வு கேட்டவர்களுக்கு நியூமனே 13சி.டபிள்யூ.4 என்ற நுவிஸ்டரைத்தான், அதாவது ஒரு குட்டி உலோக வால்வைத்தான் கொடுத்தது.

என் அனுபவத்தில் அந்த ஒலியில் பெரிய பங்கு, குரலை வாங்கும் சவ்வு உள்ள கேப்சூலுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வலைக்கூட்டுக்கும்தான். வால்வு அதற்கு அடுத்தபடி. பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது அசலில் இருந்த பி.வி. 8-ஐப் பார்த்துச் சுற்றியதா என்று கேட்டு வாங்குங்கள்.

வால்வுக்கு ஈ.எஃப். 86 போடுங்கள். காரணம் இருக்கிறது. 1943-ல் பெர்லினில் குண்டு விழுந்தபோது நியூமன் தொழிற்சாலை கெஃபெல் என்ற சின்ன ஊருக்கு இடம் மாறியது. போர் முடிந்ததும் ஊர் கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட, அங்கேயே தங்கிவிட்ட தொழிற்சாலைதான் பின்னாளில் மைக்ரோடெக் கெஃபெல் ஆனது. அவர்களுடைய யு.எம். 92.1 எஸ் மைக்கில், யு 47-ல் முதலில் இருந்த எம் 7 வகை கேப்சூலோடு ஈ.எஃப். 86 வால்வுதான் இருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை எடுத்த முடிவு நமக்கும் போதும். இந்த வால்வு இன்றும் புதிதாகத் தயாராகிறது. மூன்று வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டு, பென்சிலால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். மணி மாதிரி ‘ணங்’ என்று ஒலிப்பதை ஒதுக்கிவிட்டு, அமைதியானதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சர்க்யூட்டை அப்படியே நகல் எடுக்கப் போகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அசலில் 105 வோல்ட் சப்ளை ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து 1780 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஹீட்டருக்குப் போகும். ஈ.எஃப். 86-க்கு வேண்டியது 6.3 வோல்ட், 200 மில்லி ஆம்பியர். அதே முறையில் குறைக்கப் பார்த்தால் ரெசிஸ்டர் மட்டும் 20 வாட் சூடு கக்கும். மைக் இஸ்திரிப் பெட்டி ஆகிவிடும். ஹீட்டருக்குத் தனியாக, ரெகுலேட்டர் வைத்த டி.சி. சப்ளை கொடுங்கள்.

ஒன்றரை மாதம் உட்கார்ந்து கட்டினேன். முதல் வாரம் அருமையாகப் பாடியது. மழை ஆரம்பித்ததும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம். இரண்டு வால்வு மாற்றியும் நிற்கவில்லை. கேப்சூல் போய்விட்டதா?
— வாசகர், நாகப்பட்டினம்

கேப்சூலைத் தொடாதீர்கள். இதே சத்தத்தோடு ஒரு ஐப்பசி மாதம் முழுக்க நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நான் முதன்முதலில் கட்டிய மைக்கில் ஒரு பாட்டியம்மாவின் தாலாட்டுகளைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதையாக, அவர் குரல் குழைந்து இறங்கும் இடத்தில் எல்லாம் ‘படபட’. வால்வு மாற்றினேன், கெபாசிட்டர் மாற்றினேன். கடைசியில் கேப்சூலைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் 68 பிக்கோஃபாரட் பாலிஸ்டைரீன் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். சத்தம் அப்படியே இருந்தது. கேப்சூல் நிரபராதி என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். மைக்கின் கூட்டை மூடிவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஹம், அதாவது மெயின்ஸின் ‘ம்ம்’ இரைச்சல் வந்து குழப்பும்.

அப்புறம் பூதக்கண்ணாடியை வைத்து, வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனையான கிரிட் வரும் இடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ரெசிஸ்டரின் காலுக்கும் பக்கத்து முனைக்கும் நடுவில், பற்றவைக்கும்போது போடும் பிசினான ஃப்ளக்ஸ், காய்ந்த வெல்லப்பாகு போலப் பளபளத்தது. அதன் மேல் என் கட்டைவிரல் ரேகை, பத்திரத்தில் வைத்த கைநாட்டு மாதிரி ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தெரிந்தது.

ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம்? கேப்சூல் என்பது சுமார் 80 பிக்கோஃபாரட் உள்ள ஒரு சின்ன கெபாசிட்டர். அதில் இருந்து 20 ஹெர்ட்ஸ் வரை அடி ஒலி வேண்டும் என்றாலே 100 மெகா ஓம் ரெசிஸ்டர் தேவை. நகல் கட்டுபவர்கள் பலரும் 1 கிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம் போடுகிறோம். அவ்வளவு பெரிய தடைக்குப் பக்கத்தில் விரலின் உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் மின்சாரத்துக்கு ஒரு ஒற்றையடிப் பாதை கிடைத்துவிடும். அதன் வழியே மின்னேற்றம் விட்டுவிட்டுக் கசிவதுதான் நீங்கள் கேட்கும் கடுகு வெடிப்பு. வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும் பாதை மழையில் திறந்துகொள்ளும்.

புதிய டூத் பிரஷ், சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், குறைந்த சூட்டில் ஹேர் டிரையர். கேப்சூல் வெளியே இருக்கும்போதே கழுவி, பத்து நிமிடம் காயவிட்டேன். சத்தம் நின்றது. அன்றிலிருந்து கிகா ஓம் ரெசிஸ்டரை இடுக்கியால் காலைப் பிடித்துத்தான் எடுப்பேன். அதன் உடம்பை விரலால் தொடுவதே இல்லை. கிரிட் இணைப்புகளை போர்டில் படியவிடாமல் டெஃப்லான் முனைகளில், அந்தரத்தில் நிற்கிற மாதிரி கட்டுங்கள். வேலை முடிந்ததும் மைக்கை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். பதிவுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுச் சூடேற்றுங்கள். அசல் யு 47-ல் அந்த 1780 ஓம் ரெசிஸ்டர் உள்ளேயே ஏறக்குறைய 2.7 வாட் சூடு தந்துகொண்டிருந்தது. ஈரம் அண்டாமல் இருக்க அதுவும் ஒரு துணைதான்.

எம் 7, கே 47 என்று இரண்டு கேப்சூல் சொல்கிறார்கள். பாடகி நான், எனக்கு எது பொருந்தும்?
— வாசகி, கோயம்புத்தூர்

கே 47 வகையை வாங்குங்கள் அம்மா. முதலில் யு 47-ல் இருந்தது எம் 7. அதன் சவ்வு பி.வி.சி. வயதானால் காய்ந்து சுருங்கும், வெடிக்கும். பழைய அசல் மைக்குகளில் பலவற்றின் குரல் கெட்டுப்போனது இதனால்தான். பிறகு வந்த கே 47-ல் சவ்வு பாலியெஸ்டர். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அதுதான் தாங்கும். எம் 7-ன் இழைவான ஒலி எனக்கும் பிடிக்கும், ஆனால் முதல் மைக்கில் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். தங்கம் பூசிய அந்தச் சவ்வு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. தூசி விழுந்தால்கூட ஊதாதீர்கள், எச்சில் துளி பட்டால் அவ்வளவுதான்.

மலிவான கூடு வாங்கினால் வலையைப் பாருங்கள். உள்ளே நெருக்கமான வலை இரண்டு மூன்று அடுக்கு இருந்தால், குரல் அதில் பட்டுத் திரும்பி ‘ச’, ‘ஷ’ எல்லாம் கூர்மையாகிவிடும். அடுக்கு குறைவான, விசாலமான கூடு தேடுங்கள்.

பவர் சப்ளைக்கு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக மெயின்ஸில் இருந்து டயோடு வைத்து எடுத்தால் செலவு மிச்சமாகுமே?
— வாசகர், சேலம்

கூடவே கூடாது. மைக்கின் கூட்டில் வாயை வைத்துப் பாடுகிறார்கள், கையில் பிடிக்கிறார்கள். அதில் 230 வோல்ட் வந்துவிட்டால் உயிர் போய்விடும். இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, பெட்டியை எர்த் செய்யுங்கள். மிக்ஸரில் இருந்து மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரமும் இதற்குப் போதாது, ஹீட்டர் கேட்கும் கரண்ட்டை அது தராது.

இன்னொன்று. சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 105 வோல்ட் தங்கியிருக்கும். அது தானாக இறங்க, குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். அப்படிப் போட்டிருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் வைக்காதீர்கள். மைக் கேபிளைச் செருகுவதும் கழற்றுவதும் சப்ளை அணைந்திருக்கும்போதுதான். முதன்முதலில் மின்சாரம் கொடுக்கும் நாளில் வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும், மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.