இருளில் ஒளிரும் பெட்டூனியா: பாக்கெட்டில் வந்தது அதுவல்ல

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடியில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், கீரை, கொஞ்சம் பூச்செடிகள். ‘இரவில் ஒளிரும் பெட்டூனியா, நீலம், ஊதா, பச்சை கலவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து விதை வாங்கினேன். மிளகு போலக் கறுப்பாக, சுருக்கத்தோடு 20 விதைகள் வந்திருக்கின்றன. விதைக்கலாமா? அமெரிக்காவிலிருந்து டிசம்பரில் வரும் என் தம்பி அசல் செடியையே பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்கிறான். அதனால் தக்காளிக்கு ஏதும் கெடுதல் வருமா? — அல்சூர் வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்த விதைகளை ஒரு வெள்ளைத்தாளில் கொட்டிப் பாருங்கள். பெட்டூனியா விதை தூசு போல இருக்கும். ஒரு கிராமில் சுமார் 10,000 விதைகள் நிற்கும், மூச்சு பட்டாலே பறந்துவிடும். முளைக்க எளிதாக இருக்கட்டும் என்று பூச்சு பூசி விற்கும் விதைகூடச் சிறு உருண்டையாக, வழவழப்பாகத்தான் இருக்கும். மிளகு அளவில், கறுத்து, சுருங்கி இருப்பது பெட்டூனியா இல்லவே இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்திமந்தாரையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாலையில் மலரும் என்பதால் விற்றவருக்கு அந்த அளவுக்காவது மனசாட்சி இருந்திருக்கிறது! பாக்கெட்டில் லாட் எண், முளைப்புத்திறன், விற்பவர் முகவரி எதுவும் இல்லையென்றாலோ, உறை வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாலோ விதைக்காதீர்கள். யாரும் கேட்காமலே வந்து சேரும் வெளிநாட்டு விதைப் பொட்டலங்கள் குறித்து மத்திய வேளாண் அமைச்சகம் 2020 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. குப்பையில் எறிந்தால் அங்கே முளைக்கும், எரித்துவிடுங்கள்.

ஒளிரும் பெட்டூனியா கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள லைட் பயோ என்ற நிறுவனம் ‘ஃபயர்ஃபிளை பெட்டூனியா’ என்ற பெயரில் அதை விற்கிறது. அந்நாட்டு வேளாண் துறை 2023 செப்டம்பரில் வழிவிட, 2024 தொடக்கத்தில் 29 டாலருக்கு விற்பனை தொடங்கியது. விற்பது வேர்பிடித்த செடியை, விதையை அல்ல. பூவின் நிறம் வெள்ளை, இருளில் தெரிவது பச்சை ஒளி மட்டும். ஆகவே நீலம், ஊதா என்று கலர் கலராகப் படம் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டுவிடலாம்.

ஒளிரும் செடிக்கு விதை தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்குவதும் புதிதல்ல. 2013-இல் அமெரிக்காவில் இணையவழி நிதி திரட்டிய ஒரு திட்டத்துக்கு 4.8 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பணம் கொடுத்தவர்களுக்குச் சொன்ன விதை போய்ச் சேரவில்லை, 2017-இல் கைவிட்டார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, வேலை அவ்வளவு கடினம். 1986-இலேயே மின்மினிப் பூச்சியின் மரபணுவைப் புகையிலைச் செடியில் புகுத்தி ஒளிரச் செய்தார்கள். ஆனால் ஒளிக்கான வேதிப்பொருளை வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

வழி திறந்தது ஒரு காளானால். நியோனோதோபானஸ் நம்பி என்ற ஒளிரும் காளானில் காஃபியிக் அமிலம்தான் மூலப்பொருள். அதிலிருந்து ஒளிதரும் பொருள் உருவாகிறது, அது ஆக்சிஜனோடு சேரும்போது பச்சை ஒளி வருகிறது, மிஞ்சியது மீண்டும் காஃபியிக் அமிலமாகவே திரும்புகிறது. இந்தச் சுழற்சியை 2018-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதே அமிலம் எல்லாச் செடிகளிலும் ஏற்கெனவே இருப்பதால் காளானின் மரபணுக்களைச் சேர்த்ததும் புகையிலை தானாகவே ஒளிர்ந்தது; 2020-இல் அதைப் பதிப்பித்தார்கள். பெட்டூனியா அதற்கு அடுத்த படி. செடி தன் சொந்தச் சத்தைச் செலவிட்டே ஒளிர்வதால் வேகமாக வளரும் பாகங்கள், முக்கியமாக விரியப்போகும் மொட்டுகள், அதிகம் மின்னும். பகலில் வெயில் போதாத, வாடிய செடி இரவிலும் மங்கலாகவே நிற்கும்.

மின்னும் என்றதும் விளக்கு போல நினைத்துவிட வேண்டாம். நிலவொளி அளவுக்கு மென்மையான ஒளி அது. இருட்டில் சில நிமிடம் நின்று கண் பழகிய பிறகுதான் தெளிவாகத் தெரியும். விளம்பரப் படங்களில் ஜொலிப்பது கேமரா நீண்ட நேரம் திறந்திருந்து எடுத்த படம். உங்கள் தெருவின் எல்.இ.டி. விளக்கு மாடிவரை அடிக்கிறதா? அடித்தால் அசல் செடியே வந்தாலும் சாதாரண வெள்ளைப் பெட்டூனியாவாகத்தான் தெரியும்.

தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளின்படி, மரபணு மாற்றிய உயிரினத்தை மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதியின்றி இறக்குமதி செய்யக் கூடாது. சாதாரணச் செடிக்கே 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், நோய் பூச்சி இல்லை என்ற நலச்சான்றும் வேண்டும். ‘ஒரு தொட்டிச் செடிதானே, யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று தம்பி கேட்பார். எனக்கு அந்தப் பச்சை ஒளியைக் கண்டு பயமில்லை. வேர்மண்ணில் ஒட்டிவரும் நூற்புழுவையும் பூஞ்சையையும் கண்டுதான் பயம். 2017-இல் ஐரோப்பாவில் ஆரஞ்சு நிறப் பெட்டூனியாக்களில் மக்காச்சோள மரபணு இருப்பது தெரியவந்து, அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடைகளிலிருந்து அள்ளி அழித்தார்கள். விதி என்று வந்தால் பூ அழகாக இருப்பது சலுகை ஆகாது.

ஒளிரும் பொடி தெளித்த சதைப்பற்றுச் செடிகள் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சீனாவின் தென்சீன வேளாண் பல்கலைக்கழகத்தினர் 2025-இல் வெயிலைச் சேமித்து ஒளிரும் நுண்துகள்களை எச்செவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் இலைக்குள் ஊசியால் செலுத்தி இரண்டு மணி நேரம்வரை ஒளிர வைத்தது உண்மை. பொடியை மேலே பூசுவது அதுவல்ல, இலைத்துளைகள் அடைபடும்.

இரவில் மாடி அழகாக இருக்க வேண்டும் என்பதுதான் விருப்பம் என்றால் சாதாரண வெள்ளைப் பெட்டூனியாவே போதும். பெங்களூரு குளிருக்கு அதைப்போல ஒத்துவரும் பூ குறைவு. மழை ஓயத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபரில் விதையுங்கள். சலித்த தென்னைநார்க் கழிவைக் குழித்தட்டில் நிரப்பி, ஈரப்படுத்தி, விதையை மணலோடு கலந்து மேலே தூவினால் போதும். மண் போட்டு மூடினால் முளைக்காது, அதற்கு வெளிச்சம் வேண்டும். தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். ஒரு வாரம் முதல் 10 நாளில் முளைக்கும். நாற்று அடியில் கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கலந்து ஊற்றிவிட்டு நீரைக் குறையுங்கள். தொட்டிக்கு மாற்றியபின் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். உங்களுக்கு வருவது போர்வெல் தண்ணீரா? அது காரமாக இருந்தால் செடியால் இரும்பை எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் கீலேட் வடிவ இரும்பு கொடுங்கள். வெறும் உரத்தைக் கூட்டிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு தொட்டி நித்தியமல்லி இருந்தால் மணமும் கிடைக்கும்.

தக்காளி பற்றிய கேள்விக்கு வருகிறேன். பெட்டூனியா, தக்காளி, மிளகாய் மூன்றும் கத்தரிக் குடும்பம்தான். ஆனால் மகரந்தம் கலந்து தக்காளி ஒளிரத் தொடங்காது. கவலைப்பட வேண்டியது புகையிலைத் தேமல் வைரஸ் பற்றி. அது பெட்டூனியாவிலும் வரும், கை வழியாகவும் கத்தரிக்கோல் வழியாகவும் தக்காளிக்குத் தாவும். பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையிலும் ஒட்டியிருக்கும். நுனி கிள்ளப் போகும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், பெட்டூனியாவைத் தொட்ட கையோடு தக்காளிக்குப் போகாதீர்கள். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகள், கூடவே சுருக்கம் கண்டால் மருந்து தேட வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி உறையில் கட்டி அகற்றுங்கள். இரண்டு வகைத் தொட்டிகளையும் மாடியின் எதிரெதிர் ஓரங்களில் வைத்துக்கொள்வது நல்லது. இது வேறு விஷயம்: வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தக்காளிப் பக்கம் தொங்கவிடுங்கள்.