அண்ணனிடம் ரெம் வாங்கிவரச் சொல்லுமுன்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லெப்டொப், விண்டோஸ் 10, 4 ஜீபி ரெம் (மெமரி). நாலு பக்கம் திறந்தாலே திணறுகிறது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கு வரும்போது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இன்னொரு 4 ஜீபி வாங்கி வருவதாகச் சொல்கிறார். லெப்டொப் மொடலைச் சொன்னால் போதுமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: போதாது. ஒரே பெயரில் வரும் லெப்டொப்பிலேயே ஒன்றில் டிடிஆர்3 என்ற வகை ரெம் இருக்கும், இன்னொன்றில் டிடிஆர்4 வகை இருக்கும். இரண்டுக்கும் செருகும் விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி வாங்கினால் உள்ளேயே போகாது, அப்புறம் அதை மாற்ற மறுபடி யார் கொழும்புக்குப் போவது?

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மெனேஜரில் பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போய்ப் பாருங்கள். வேகமும், ரெம் செருகும் ஸ்லொட்டுகள் எத்தனையில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும். இரண்டில் ஒன்று காலியென்றால் நல்லது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளும் இதைக் காட்டும், ஆனால் அதில் வேகம் 800 என்று வந்தால் பயப்பட வேண்டாம், இரட்டித்தால்தான் கடையில் சொல்லும் 1600.

இதைவிட நான் நம்புவது ரெம்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான். லெப்டொப்பை அணைத்து, சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, அடிமூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள். பிசி3எல்-12800எஸ் என்று இருந்தால், 3 என்பது டிடிஆர்3, கடைசி எஸ் லெப்டொப்புக்கான சிறிய அளவு, 12800ஐ 8ஆல் வகுத்தால் அதே 1600. நடுவில் நிற்கும் அந்த எல்தான் பலர் கவனிக்காமல் விடுவது. அது 1.35 வோல்ட்டில் ஓடுவது. எல் இல்லாத பிசி3க்கு 1.5 வோல்ட் வேண்டும். எல் போட்ட ரெம் 1.5இலும் ஓடும், ஆனால் 1.35 மட்டுமே தரும் லெப்டொப்பில் மற்றதைப் போட்டால் அது இயங்காது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் அண்ணன் தலையாட்ட வேண்டாம்.

விண்டோஸ் 32 பிட்டா என்றும் பாருங்கள், அதில் 4 ஜீபிக்கு மேல் போட்டுப் பயனில்லை, 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

இன்னொன்று, திணறும் நேரத்தில் அதே டாஸ்க் மெனேஜரைப் பாருங்கள். மெமரி பாதிதான் நிரம்பியிருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் பிரச்சினை ஹார்ட் டிஸ்க்கில். அப்படியானால் ரெம்மை விட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள்.