ஸ்டார்ட்அப்பும் ஃப்ரீலான்ஸ் இன்ஜினீயரும்: இணைப்புத் தளம் தொடங்குவோர் கேட்டவை

சிறிய ஸ்டார்ட்அப் நிறுவனங்களையும் ஃப்ரீலான்ஸ் சாஃப்ட்வேர் இன்ஜினீயர்களையும் இணைக்கும் தளம் தொடங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் தொழில் ஆலோசனைக் குழு இந்த இதழில் பதில் தருகிறது.

கேள்வி: நானும் கல்லூரித் தோழர் ஒருவரும் சேர்ந்து இப்படி ஒரு தளம் தொடங்க இருக்கிறோம். கையில் 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. இணையதளமும் மொபைல் ஆப்பும் செய்து தர 9 லட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

வேண்டாம். முதல் பத்து வேலைகளை ஆப் இல்லாமல் கையாலேயே நடத்துங்கள். ஸ்டார்ட்அப்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம், இன்ஜினீயர்களுக்கு இன்னொன்று, எல்லாவற்றையும் பதிந்துவைக்க ஒரு ஷீட், வாட்ஸ்ஆப் பிசினஸ் எண் ஒன்று. தொடங்க இவை போதும்.

காரணம் இருக்கிறது. ஆள் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பிரச்சினை என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். லிங்க்ட்இன்னில் ஒரு பதிவு போட்டால் அன்று மாலைக்குள் நூறு விண்ணப்பம் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நிறுவனருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதத் தெரிவதில்லை. இன்ஜினீயருக்குப் பணம் எப்போது வரும் என்று தெரிவதில்லை. வேலை முடிந்த பிறகு எழுதிய கோடு (புரோகிராம்) யாருடையது என்று இருவருக்குமே தெரிவதில்லை. இந்த மூன்றையும் தீர்த்துவைப்பதுதான் நீங்கள் விற்கும் சேவை. பத்து வேலைகளைக் கூடவே இருந்து முடித்துக் கொடுத்தால், எந்த இடத்துக்குச் சாஃப்ட்வேர் தேவை, எந்த இடத்துக்கு ஒரு போன் கால் போதும் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு செலவழிக்கும் பணம் வீணாகாது.

'எல்லா வகை இன்ஜினீயர்களும் கிடைப்பார்கள்' என்று கடை விரிக்காதீர்கள். 'ஃப்ளட்டரில் (ஒரே கோடில் இரண்டு வகை போனுக்கும் ஆப் செய்யும் கருவி) ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் முதல் பதிப்பு, ஆறு முதல் எட்டு வாரத்தில்' என்று ஒரே வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை ஒரே மாதிரி இருந்தால்தான் விலையும் காலமும் உங்களுக்குப் பிடிபடும். இன்ஜினீயர்களைத் தரம் பார்ப்பதும் சுலபம்.

ஷீட்டில் மூன்று கணக்குகளை மட்டும் எழுதிவாருங்கள். கேட்டு வந்தவருக்கு முதல் மூன்று பேரின் விவரம் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆனது (48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது), பத்துக் கோரிக்கையில் எத்தனை வேலையாக மாறியது, முடித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது வேலையோடு வந்தார்கள். மூன்றாவது எண் பூஜ்ஜியமாகவே இருந்தால், ஆப் செய்தாலும் அது மாறாது.

கேள்வி: முதலில் யாரைச் சேர்க்க வேண்டும், ஸ்டார்ட்அப்களையா இன்ஜினீயர்களையா? (மதுரை வாசகி)

ஸ்டார்ட்அப்களை. இன்ஜினீயர்கள் கூப்பிட்டால் வருவார்கள். வேலை இல்லையென்றால் இரண்டே வாரத்தில் உங்கள் மெயிலைத் திறப்பதை நிறுத்திவிடுவார்கள். 500 பேர் பதிந்திருக்கும் வெறும் பட்டியலைவிட, சோதித்துத் தேர்ந்தெடுத்த 15 பேரும் கையில் நான்கு வேலைகளும் இருப்பது மேல்.

கேள்வி: சிலர் இன்டர்வியூவுக்கு வேறு ஆளை உட்காரவைக்கிறார்கள் என்கிறார்கள். இன்ஜினீயரை எப்படிச் சோதிப்பது? (சென்னை வாசகர்)

பல்தேர்வுத் தேர்வுகளை நம்பாதீர்கள். விடை எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது. இருபது நிமிட வீடியோ அழைப்பில், அவர் முன்பு எழுதிய கோடையே திரையில் திறக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு ஃபங்ஷனை (கோடின் ஒரு பகுதியை) காட்டி, 'பணம் செலுத்தும்போது நடுவில் நெட் போனால் இங்கே என்ன ஆகும்?' என்று கேளுங்கள். தானே எழுதியவர் தயங்காமல் அந்த வரிக்குப் போவார். குறை இருந்தால் அவரே சொல்லிவிடுவார்.

அடுத்து, நான்கு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய ஒரு சோதனை வேலை. மூன்று பிழைகள் வேண்டுமென்றே வைத்த சிறிய ரெப்போவை (கோடு ஃபைல்களின் தொகுப்பை) கொடுத்து, சரிசெய்து, அதைச் சரிபார்க்கும் டெஸ்ட் கோடும் எழுதி, என்ன செய்தார் என்பதை ஒரு பக்கத்தில் விளக்கச் சொல்லுங்கள். இதற்குப் பணம் கொடுங்கள், 2,000 ரூபாயாவது. நல்ல இன்ஜினீயர்கள் இலவச வேலை கேட்கும் இடத்துக்கு வர மாட்டார்கள். ஏ.ஐ. உதவியோடு செய்தாலும் தவறில்லை. ஆனால் மறுநாள் அழைத்து, ஒரு சிறு மாற்றத்தைக் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். விளக்கத் தெரியாதவர் அங்கே நின்றுவிடுவார்.

ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க, அடையாள அட்டைப் படம், இன்டர்வியூ முகம், வேலை தொடங்கும் நாள் முகம் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை அவரே வீடியோவில் வேலையைக் காட்ட வேண்டும் என்பதை விதியாக்குங்கள். ஆதார் நகலை வாங்கி டிரைவில் குவித்து வைக்காதீர்கள். வரிக் கணக்குக்கு பான் போதும்.

கேள்வி: ஸ்டார்ட்அப்பிடம் முழுப் பணத்தையும் என் கரன்ட் அக்கவுன்டில் வாங்கி வைத்து, வேலை முடிந்ததும் கமிஷனைக் கழித்து இன்ஜினீயருக்கு அனுப்பலாமா? கமிஷன் எவ்வளவு வைக்கலாம்? (திருச்சி வாசகர்)

அப்படி வைக்காதீர்கள். ஒருவருக்குச் சேர வேண்டிய பணத்தை இன்னொருவரிடம் வாங்கி, வைத்திருந்து பிரித்துக் கொடுப்பது பேமென்ட் அக்ரிகேட்டரின் வேலை. அதற்கு ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் வேண்டும். விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பும், மூன்றாம் நிதியாண்டு முடிவுக்குள் 25 கோடியும் காட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு நேர்வழிகள் உண்டு.

ஒன்று, அங்கீகாரம் பெற்ற அக்ரிகேட்டரின் பிரித்து வழங்கும் வசதி. ரேஸர்பே ரூட், கேஷ்ஃப்ரீ ஈஸி ஸ்ப்ளிட் போன்றவை இதற்காகவே இருக்கின்றன. பணம் அவர்களுடைய எஸ்க்ரோ கணக்கில் (பிறருக்குச் சேர வேண்டிய பணத்தைத் தனியே வைத்திருக்கும் வங்கிக் கணக்கில்) இருக்கும். உங்கள் பங்கு உங்களுக்கும், மீதி இன்ஜினீயருக்கும் போகும். எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு வார வேலைக்கான பணத்தை மொத்தமாக முடக்கத் திட்டமிடாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டம் தொடங்கும் முன்பும் அந்தக் கட்டத்துக்கான தொகையை மட்டும் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்களே வேலையை எடுத்து, இன்ஜினீயரைத் துணை ஒப்பந்தத்தில் அமர்த்துவது. பில் உங்கள் பெயரில் போகும். பதிவு பெற்றவர் என்றால் முழுத் தொகைக்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரும், வேலை கெட்டால் பொறுப்பும் உங்களுடையதே. முதல் பத்து வேலைகளுக்கு இது எளிது. ஆனால் இது ஏஜென்சி, தளம் அல்ல. இதிலேயே தங்கிவிட்டால் வளர்ச்சி உங்கள் மேற்பார்வை நேரத்தோடு நின்றுவிடும்.

கமிஷன் கணக்கை ஒரு கட்டத்துக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினீயரின் கட்டணம் 1,00,000 ரூபாய், அவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர். உங்கள் கட்டணம் 10 விழுக்காடு, 10,000. அதற்கு ஜி.எஸ்.டி. 1,800. ஸ்டார்ட்அப் கட்டுவது 1,11,800. பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 விழுக்காடு எடுத்தால் 2,236, அதன் மேல் ஜி.எஸ்.டி. 402. இந்த 402-ஐ உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், 2,236 போனதுதான். ஆக, 10,000-இல் உங்கள் கையில் நிற்பது 7,764. கேட்வே மொத்தத் தொகைக்கு எடுக்கிறது, நீங்களோ பத்தில் ஒரு பங்குக்குத்தான் உரிமையாளர். இதைக் கவனிக்காமல் 5 விழுக்காடு என்று விளம்பரம் செய்தால் கிட்டத்தட்ட பாதி கேட்வேக்கே போய்விடும். பெரிய தொகைகளை கார்டில் வாங்காமல் வங்கிப் பரிமாற்றத்தில் வாங்குங்கள். கட்டணம் வெகுவாகக் குறையும்.

வரியில் இரண்டு கடமைகள். தளத்தின் வழியாகப் பணம் வாங்கினால் நீங்கள் மின்வணிக நடத்துநர். 20 லட்ச ஆண்டு விற்றுமுதல் வரம்பைப் பார்க்காமல் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பதிவு பெற்ற இன்ஜினீயருக்கு நிகரத் தொகையில் 0.5 விழுக்காடு டி.சி.எஸ். (பணம் வசூலிக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்து, மறுமாதம் 10-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-8 படிவம் தாக்கல் செய்ய வேண்டும் (2024 ஜூலை 10-க்கு முன்பு இது 1 விழுக்காடாக இருந்தது). வருமான வரியில், பழைய சட்டத்தின் 194-ஓ பிரிவாக இருந்த டி.டி.எஸ்., 2024 அக்டோபர் 1 முதல் 0.1 விழுக்காடு. தனிநபர் இன்ஜினீயர் பான் கொடுத்து, உங்கள் தளத்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் சம்பாதித்தால் பிடிக்க வேண்டாம். பான் இல்லையென்றால் 5 விழுக்காடு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால், ஒப்பந்தப் படிவத்தில் பழைய எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அறிமுகம் செய்துவைத்ததும் இருவரும் வெளியே நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். எப்படித் தடுப்பது? (திருப்பூர் வாசகர்)

போன் எண்ணை மறைப்பதால் தடுக்க முடியாது. 'இந்த நிறுவனத்தில் இனி வேலை செய்யக் கூடாது' என்று இன்ஜினீயரிடம் எழுதி வாங்கினாலும், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின் முன் அது நிற்பது கடினம். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஷரத்து செல்லாது என்கிறது அது. தடை போடுவதைவிடக் கட்டணம் கேட்பது உறுதியான வழி. 'அறிமுகமான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் நேரடியாக அமர்த்தினால் இன்ன தொகை' என்று ஸ்டார்ட்அப்பிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். ஃப்ரீலான்ஸ் வேலைத் தளமான அப்வொர்க் இரண்டு ஆண்டுக் காலத்துக்கு இப்படித்தான் வைத்திருக்கிறது.

ஆனால் ஷரத்து பாதி மருந்துதான். மூன்றாவது மாதமும் 10 விழுக்காடு கேட்கும்போது, அந்த மாதம் நீங்கள் அவர்களுக்கு என்ன செய்தீர்கள்? பில், டி.டி.எஸ். சான்று, சரியான தேதியில் பணம், இன்ஜினீயர் நடுவில் நின்றுவிட்டால் ஐந்து நாளில் மாற்று ஆள், தகராறு வந்தால் தீர்ப்பு: இவை கிடைத்தால் இருப்பார்கள். நீண்ட கால வேலைக்குக் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் நல்லது.

கேள்வி: 'சொன்னதைச் செய்யவில்லை' என்கிறது ஸ்டார்ட்அப், 'சொல்லாததைக் கேட்கிறார்கள்' என்கிறார் இன்ஜினீயர். யார் பக்கம் நிற்பது? (சேலம் வாசகி)

எழுதியிருப்பதன் பக்கம். அதனால்தான் எழுதுவதை நீங்களே செய்ய வேண்டும். 'லாகின் வசதி' என்று ஒரு வரியில் விட்டால் சண்டை நிச்சயம். 'மொபைல் எண்ணைக் கொடுத்தால் 6 இலக்க ஓ.டி.பி. வரும்; 5 நிமிடத்தில் காலாவதியாகும்; மூன்று முறை தவறினால் 15 நிமிடம் பூட்டப்படும்; எஸ்.எம்.எஸ். கணக்கும் அதற்கான டி.எல்.டி. பதிவும் ஸ்டார்ட்அப்பின் பொறுப்பு' என்று எழுதினால், முடிந்ததா இல்லையா என்பதை மூன்றாம் மனிதர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்தக் கடைசிப் பகுதியை எழுத மறந்தால், வணிக எஸ்.எம்.எஸ். அனுப்பத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்ய வேண்டிய டி.எல்.டி. பதிவுக்குக் காத்திருந்தே இன்ஜினீயரின் வாரம் ஒன்று போய்விடும்.

வேலையை ஒப்படைத்த ஏழு நாளுக்குள் ஸ்டார்ட்அப் குறை சொல்லவில்லையென்றால் பணம் தானாக விடுவிக்கப்படும் என்று விதி வையுங்கள். இந்த ஒரு விதி இல்லாத தளத்தில் இன்ஜினீயர்கள் நிலைப்பதில்லை. புதிதாகக் கேட்பது எதுவானாலும் அடுத்த கட்டத்தில், தனி விலையில்.

கேள்வி: பணம் கொடுத்துச் செய்த சாஃப்ட்வேர் தானாகவே எங்களுக்குச் சொந்தம்தானே? தனி ஒப்பந்தம் எதற்கு? (சென்னை, ஸ்டார்ட்அப் நிறுவனர்)

தானாகச் சொந்தமாகாது. தளம் நடத்துபவர்களும் இதை ஊன்றிப் படியுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி சம்பள ஊழியர் வேலை நிமித்தம் எழுதியது முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்ஸர் ஊழியர் அல்ல. அவர் கையெழுத்திட்டு எழுத்தில் உரிமையை மாற்றித் தந்தால்தான் மாறும். 19-ஆம் பிரிவில் மூன்று பொறிகள் உள்ளன. கால அளவு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, அந்த உரிமை காலாவதியாகிவிடும். ஆகவே 'பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், ஓராண்டு விதியான 19(4) பொருந்தாது' என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதலீட்டாளரின் வக்கீல் முதலில் தேடுவது இந்தத் தாளைத்தான். 'ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் சேர்ந்ததும் அந்தக் கட்டத்தின் உரிமை மாறும்' என்று எழுதினால் இன்ஜினீயருக்கும் பாதுகாப்பு.

பகலில் வேறு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் செய்பவராக இருந்தால், அவருடைய வேலை ஒப்பந்தம் வெளிவேலையை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். 'ஊழியர் உருவாக்குவது எல்லாம் கம்பெனிக்கே' என்று அங்கே இருந்தால், அவர் உங்களுக்கு மாற்றித் தரும் உரிமையே வழக்குக்கு உள்ளாகும்.

தாளில் உரிமை இருந்தும் சாவி வேறொருவர் கையில் இருக்கும் நிலையும் அடிக்கடி வருகிறது. கிட்ஹப் ரெப்போ, கிளவுட் கணக்கின் ரூட் (முதன்மை) மெயில், டொமைன், பிளே ஸ்டோர் கணக்கு எல்லாம் முதல் நாளே ஸ்டார்ட்அப்பின் பெயரில் திறக்கப்பட்டு, இன்ஜினீயருக்கு அனுமதி மட்டும் தரப்பட வேண்டும். பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். இந்தச் சின்னத் தொகையை மிச்சம்பிடிக்க இன்ஜினீயரின் கணக்கில் ஆப்பை ஏற்றிவிட்டு, பிறகு மாற்றத் திண்டாடாதீர்கள். ஆப்பைப் புதுப்பிக்கத் தேவைப்படும் ஆண்ட்ராய்டு சைனிங் கீ, ரகசிய எண்கள் இருக்கும் என்வ் ஃபைல் இரண்டும் கைமாறியதா என்று பார்த்த பிறகே கடைசிக் கட்டப் பணத்தை விடுவியுங்கள். இன்ஜினீயர் விலகிய அன்றே அந்த ரகசிய எண்களை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஸொமாட்டோ, ஊபருக்கு வரும் கிக் தொழிலாளர் (நிரந்தர வேலையில் இல்லாமல் தளம் வழியாக வேலை செய்வோர்) விதிகள் எங்களையும் தொடுமா? (ஓசூர் வாசகர்)

தொட வாய்ப்பு அதிகம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாவது அட்டவணையில் தொழில்முறைச் சேவை தருவோரும் அக்ரிகேட்டர் (இங்கே, வேலையையும் ஆளையும் இணைக்கும் தளம் என்று பொருள்) பட்டியலில் இருக்கிறார்கள். தொழிலாளரின் சமூகப் பாதுகாப்புக்காகத் தளம் செலுத்த வேண்டிய பங்களிப்பு ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு. ஆனால் தொழிலாளருக்குக் கொடுத்த தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டாது. கட்டணம் நிர்ணயிக்கும்போதே இதற்கும் இடம் விடுங்கள்.

கேள்வி: நான் ஃப்ரீலான்ஸ் இன்ஜினீயர். தளத்துக்கு வெளியே செய்த வேலைக்கு நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. வழி உண்டா? (நாகர்கோவில் வாசகி)

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா பாருங்கள். இணையத்தில் இலவசம். பதிவு பெற்ற குறுந்தொழில் சேவைக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. பதிவுக்கு முன்பு செய்த வேலைக்கு இது பொருந்துவது கடினம் என்பதால், அடுத்த வேலைக்கு முன்பே பதிந்துவிடுங்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். பதிவு இருந்தால், தாமதப் பணத்துக்காக மத்திய எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் பில், ஒப்படைத்ததற்கான மெயில், அவர்கள் ஏற்றுக்கொண்ட பதில் ஆகிய மூன்றையும் ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள்.