பழைய டர்போ டீசல் கார் குறைந்த வேகத்தில் ஏன் மந்தமாக இழுக்கிறது?

டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,500 சுற்றுகளுக்குக் கீழே சுழலும்போது புகையின் வரத்து குறைவு என்பதால், மெல்லிய காற்றில் காகிதக் காற்றாடி சுழலத் தயங்குவதைப் போல டர்போவும் தயங்கும். ஆகவே சிறு தாமதம் இயல்பே. முன்பு இல்லாத மந்தம் புதிதாகத் தோன்றினால்தான் அது கோளாறு.

முதலில் பார்க்க வேண்டியவை ரப்பர் குழாய்களே என்பது என் கருத்து. டர்போவிலிருந்து, அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு புதிதாகப் படிந்திருந்தாலோ, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற ஓசையுடன் கரும்புகை வந்தாலோ, அழுத்தப்பட்ட காற்று அங்கே கசிகிறது எனலாம். இறக்கைகளின் கோணம் மாறும் வகை டர்போவில், வெற்றிடத்தால் இயங்கும் சிறு கம்பி ஒன்று இருக்கும். பெரும்பாலான கார்களில் எஞ்சினை இயக்கியதும் அது இழுபட்டு, நிறுத்தியதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அது அசையாவிட்டால், மெல்லிய வெற்றிடக் குழாயில் விரிசல் இருக்கக்கூடும், அல்லது இறக்கைகளில் கரி இறுகியிருக்கக்கூடும். புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரி படிந்து மூடாமல் நிற்பதும், அழுக்கடைந்த காற்றளவு சென்சாரும் இதே அறிகுறியைத் தரும். புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் ஃபில்டரைப் பார்க்க வேண்டும்.

இழுவை குறைந்தாலே டர்போ பழுதாகிவிட்டது என்று பலர் முழுக் கருவியையும் மாற்றிவிடுகிறார்கள். ஆனால் குழாய் கசிந்துகொண்டிருக்கும்வரை புதிய டர்போவாலும் இழுவை திரும்பாது.