சாந்தா கிராசிக்குப் போகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரெனே மலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், சாந்தா கிராசி என்ற பாஸ்க் இனத்தவரின் கிராமத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் படிக்கிறேன். ஜூன் கடைசியில் நண்பர்கள் இருவரோடு நான்கு நாள் அங்கே போய் நடக்கலாம் என்று எண்ணம். எங்களுக்கு வேண்டியது கூட்டமில்லாத, மனிதக் கை படாத இயற்கை. ஆனால் இணையத்தில் எல்லோரும் ககுவெத்தா பள்ளத்தாக்கின் படத்தையே போடுகிறார்கள். அந்த ஒன்றுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா? மூவரில் ஒருவன் சுத்த சைவம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

தாராளமாகப் போங்கள். ஆனால் மனிதக் கை படாத இயற்கையைத் தேடிக்கொண்டு போனால், அங்கே இருப்பதில் பாதி உங்கள் கண்ணில் படாது. நீங்கள் பார்த்து மயங்கப்போகும் அந்தப் பச்சைச் சரிவுகள் ஆடு மேய்வதால்தான் புல்வெளியாக இருக்கின்றன. குளிர்காலக் கடைசியில் காய்ந்த புதர்களைக் கொளுத்துகிறார்கள். மே, ஜூனில் மந்தைகள் மேலே ஏறுகின்றன, இலையுதிர் காலத்தில் இறங்குகின்றன. சில வருடம் ஆடு போகாமல் விட்டால் பெரணியும் முள்புதரும் மூடிவிடும். அப்புறம் காடு வந்து பிடித்துக்கொள்ளும்.

ஊர் இருப்பது சுபெரோவா என்ற பாஸ்க் மாகாணத்தில். அங்கே உயரத்து மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் பொதுச்சொத்து. பல வீட்டு ஆடுகளை ஒரே மந்தையாகச் சேர்த்து, பங்குள்ள வீட்டுக்காரர்கள் முறை வைத்து மலைக்குடிசையில் தங்கி, பால் கறந்து சீஸ் செய்வது பழைய ஏற்பாடு. இப்போது குடிசைகள் பலவற்றுக்கு ஜீப் பாதை வந்துவிட்டதால் அந்த முறை நிறையவே தளர்ந்துவிட்டது. சீஸ் தளரவில்லை. ஓசோ-இராத்தி என்ற பெயரில் 1980 முதல் சட்டப்பாதுகாப்பு பெற்ற சரக்கு அது.

அப்படி ஒரு குடிசையில் நான் சீஸ் வாங்க நின்றபோது, பெரியவர் ஒருவர் பலகையில் அடுக்கியிருந்த வட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விலை கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு துண்டு வெட்டிக் கத்தி முனையிலேயே நீட்டினார். தோல் பக்கம் ஈரமண் வாசனை, உள்ளே கொழுப்பும் லேசான உப்பும். அதற்குப் பிறகுதான் விலை சொன்னார். சொன்ன விலை நியாயமானதுதான், பேரம் பேச வேண்டாம்.

ஆக, நீங்கள் நடக்கப்போவது மற்றவர்கள் வேலை செய்யும் இடத்தில். வேலிக் கதவு மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள், கயிற்றால் கட்டியிருந்தால் அதேபோல் கட்டுங்கள். மந்தை நடுவே பெரிய வெள்ளை நாய் இருந்தால் அது செல்ல நாய் அல்ல, பத்தூ என்ற காவல் நாய். ஓடாதீர்கள், கொம்பை ஓங்காதீர்கள். நின்று, அது மோந்து பார்க்க விட்டு, மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள். நாய்க்குக் காரணம் கரடி. 2018 அக்டோபரில் பக்கத்து பெயார்ன் பகுதியில், ஸ்லோவேனியாவிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெண் கரடிகளை அரசு விட்டது. மேய்ப்பர்கள் பலர் கொதித்துப்போனார்கள். நகரத்திலிருந்து போகிறவர்களுக்குக் கரடி என்றால் இயற்கை, மேய்ப்பர்களுக்கு அது ராத்திரித் தூக்கம் கெடுவது. இந்த விவகாரத்தில் என் மனம் பாதிக்கு மேல் மேய்ப்பர்கள் பக்கம்தான்.

ககுவெத்தாவை ஒதுக்கிவிடவும் வேண்டாம். இருநூறு மீட்டருக்கு மேல் எழும் பாறைச்சுவர்கள், சில இடங்களில் சில மீட்டர் இடைவெளி. டிக்கெட் உண்டு, தலைக்கவசம் தருவார்கள். காலையில் போனால் கூட்டம் குறைவு. சில சமயம் மூடிவிடுவதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் முதலில் அனுப்புவது லா வெர்னா குகைக்குத்தான். 1952இல் மர்செல் லூபான் என்ற குகை ஆய்வாளர் மலைக்கு மேலிருந்த ஒரு செங்குத்துத் துளை வழியாக உள்ளே இறங்கினார். திரும்ப மேலே தூக்கும்போது கம்பிவடத்தின் பிடி விட்டு விழுந்து இறந்தார். உடலை 1954இல்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. இடையில், 1953இல், லியோன் சாரணர் குழு ஒன்று அதே துளை வழியாகப் போய், லா வெர்னா என்ற இந்தப் பெரிய நிலத்தடிக் கூடத்தைக் கண்டது. 194 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 250 மீட்டர் அகலம். கையிலிருந்த விளக்கு எட்டாததால் வெளியே ராத்திரி வானத்துக்கு அடியில் வந்துவிட்டோமோ என்று நினைக்கத் தோன்றும் அளவு. பின்னால் மின்சாரத் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கம்தான் இன்று நமக்கு வாசல். 2010 முதல் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் போக முடியும், உள்ளே 6 டிகிரி, ஸ்வெட்டர் கட்டாயம்.

ஒரு நாளை லாரோ என்ற ஊர்ப் பக்கம் ஒல்சார்த்தே தொங்குபாலத்துக்கு வையுங்கள். 1920இல் மரம் வெட்டும் வேலைக்காக இத்தாலியத் தொழிலாளர்கள் கட்டியது. லோகிபார் என்ற இடத்தில் தொடங்கும் ஏற்றம் நல்ல செங்குத்து. உயர பயம் உள்ளவர் பாலத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடலாம், கேலி செய்யாதீர்கள்.

கிராமத்துக்கு மேலே பியேர் சேன்-மார்த்தேன் கணவாய் பக்கம் சுண்ணாம்புப் பாறை நிலம், எங்கும் வெடிப்பும் குழியும். மூடுபனி அட்லாண்டிக்கிலிருந்து அரை மணியில் ஏறிவிடும். அப்போது வெள்ளை-சிவப்புக் கோடு போட்ட ஜிஆர் 10 என்ற நெடுந்தூர நடைபாதையை விட்டு ஓர் அடி விலகக்கூடாது. கோடு தெரியவில்லையா, கடைசியாகப் பார்த்த கோட்டுக்கே திரும்புங்கள். ஆட்டுமணிச் சத்தத்தை நம்பிப் போகாதீர்கள், பனியில் அது எந்தத் திசை என்று சொல்லவே முடியாது. அவசர எண் 112, ஆனால் சிக்னல் பல இடங்களில் இல்லை.

ஊரே சிதறிக் கிடக்கும், ஒரு கடைத்தெருவைத் தேடாதீர்கள். தங்குமிடத்தில் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்து, சைவ நண்பரைப் பற்றி அப்போதே சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடுவாரென்றால் கவலையில்லை. இல்லையென்றால் ரொட்டி, சீஸ், கறுப்புச் செர்ரி ஜாம், சாலட் என்று ஓட்ட வேண்டியதுதான். சூப்பில் மட்டும் இறைச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்கட்டும். பேருந்தை நம்ப முடியாது, மூவரும் சேர்ந்து கார் எடுத்துவிடுங்கள். பெட்ரோலை மொலெயோன் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.