தக்காளிப் பூ உதிர்கிறதா? போத்தலை வாங்காதீர்கள்

மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்த வாசகி ஒருவர் மார்ச் மாதத்தில் முதன்முறையாக வீட்டுத்தோட்டம் செய்திருக்கிறார். வெண்டி தாராளமாகக் காய்க்கிறது. கத்தரியில் செடிக்கு இரண்டு மூன்று காய்களே. பத்துத் தக்காளிச் செடிகளும் நிறையப் பூத்தும் பூக்கள் உதிர்ந்து, மொத்தம் ஏழு பழங்களே கிடைத்தன. நாற்று விற்றவர், மண்ணில் சத்தில்லை, போத்தலில் வரும் வளர்ச்சி ஊக்கி அடிக்க வேண்டும் என்கிறாராம். அதை வாங்குவதா, செடிகளைப் பிடுங்கிவிடுவதா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம், சகோதரி. இரவு வெப்பநிலை 24 பாகை செல்சியசைத் தாண்டும்போது தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. கருக்கொள்ளாத பூ காம்போடு மஞ்சளித்து விழுந்துவிடும். மார்ச்சில் நட்ட செடி பூத்துக் காய்க்க வேண்டிய மே, ஜூன் மாதங்களில் மட்டக்களப்பின் இரவுகள் அதற்கு மேலேதான் இருக்கும். பகலில் கச்சான் என்னும் வறண்ட காற்றும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். எந்தப் போத்தலாலும் இரவைக் குளிர்விக்க முடியாது. அதே வெயிலில் வெண்டி செழித்திருப்பதே உங்கள் மண் செத்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி.

உற்பத்தியாளர் பெயரோ உள்ளடக்கமோ திகதியோ இல்லாத திரவத்தை வீட்டுவாசலில் விற்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கையாக இருங்கள். நாற்றையும் நோயின் பெயரையும் மருந்தையும் ஒரே ஆளே தரும்போது, உங்கள் செடி குணமாகாமல் இருப்பதுதான் அவருக்கு இலாபம். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத் தடையின்போது விவசாயிகள் பட்ட தவிப்புக்குப் பிறகும், பெயர் தெரியாத திரவத்தை நம்பிப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. விதைப் பைக்கற்றுகளைப் பகிர்ந்தளித்துப் படம் எடுத்துக்கொள்ளும் திட்டங்களும், எந்த மாதத்தில் எதை விதைப்பது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், பாதிப் பேர் இந்த வியாபாரிகளிடம் போகவே மாட்டார்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் விடாமல் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் வேறாகப் பார்க்க வேண்டும். பூ உதிராமல் காய் பிடித்து, அந்தக் காயின் அடிப்பகுதி, அதாவது காம்புக்கு எதிர்ப்புறம், முதலில் நீர் கோத்ததுபோல் மங்கி, பிறகு கறுத்துத் தோலாக அமிழ்ந்தால், அது வெப்பத்தால் வந்ததல்ல. மணலில் நீர் நிற்காததால், ஒருநாள் நனைந்தும் மறுநாள் காய்ந்தும் இருக்கும் வேர் கல்சியத்தை எடுக்க முடியாமல் போவதன் விளைவு அது. பூச்சிமருந்து அடித்துப் பயனில்லை. காலையும் மாலையும் அளவாக நீர் விடுங்கள். செடியடியில் தும்புத்தூளோ வைக்கோலோ பரப்புங்கள். அடுத்த காய்கள் நன்றாகவே வரும். கறுத்த காய் திரும்பாது, பறித்துவிடுங்கள்.

அடுத்த முறை டிசம்பர் நடுவில், மழை படாத மறைப்பின் கீழ் நாற்று போட்டு, தைப்பொங்கலை ஒட்டி நடுங்கள்; பெப்ரவரியின் தணிந்த இரவுகளில் பூக்கும். கத்தரியில் வாடித் தொங்கும் குருத்துகளைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி எரித்து, மக்கிய சாணம் இடுங்கள், இன்னும் காய்க்கும். வெண்டியை நுனி சட்டென ஒடியும் பருவத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றவிட்டால் செடி புதிய காய் வைப்பதைக் குறைத்துவிடும்.