சக்கர வாக்கர் வாங்கும் முன்: கேட்டதும் சொன்னதும்

பினாங்கில் இருபது வருடத்துக்கு மேல் பிசியோதெரபி வேலை பார்த்தவள் நான். வாக்கர் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

செந்தூல், மகன்: அக்கா, அம்மாவுக்கு 74 வயசு, முட்டி வலி. பிறந்தநாளுக்கு, உட்காரச் சீட்டு வச்ச நாலு சக்கர வாக்கர் வாங்கித் தரலாம்னு இருக்கேன், அவங்களுக்குத் தெரியாம. எந்த பிராண்ட் நல்லது?

தம்பி, தெரியாமல் மட்டும் வாங்காதீர்கள். அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய் நடக்கவிட்டுப் பாருங்கள். பிராண்ட் அப்புறம். அம்மா கையில் எவ்வளவு பாரம் போடுகிறார் என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் சுவரையோ மேசையையோ லேசாகத் தொட்டுக்கொண்டே நடந்துவிடுகிறார் என்றால் நாலு சக்கரம் பொருந்தும். மேசையில் நன்றாக ஊன்றினால்தான் கால் நகர்கிறது என்றால் வேண்டாம். ஊன்றிய வேகத்தில் வண்டி முன்னே ஓடிவிடும், அம்மா அதன் பின்னே சாய்ந்துவிடுவார். அப்படி ஊன்றுபவருக்கு, வாக்கரின் முன்னங்கால்களில் மட்டும் சக்கரமும் பின்னங்கால் இரண்டிலும் ரப்பரும் வைத்ததுதான் சரி. அழுத்தினால் அப்படியே நின்றுவிடும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்தவர்களைப் பெரும்பாலும் அதிலோ சக்கரமே இல்லாததிலோதான் நடக்கப் பழக்குவோம்.

அடுக்குமாடி வீடு என்றால் குளியலறைக் கதவை அளந்துகொண்டு போங்கள். சட்டத்தை அளக்கக்கூடாது, கதவு திறந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடைவெளியை அளக்க வேண்டும். நாலு சக்கர வாக்கர்கள் பலவும் 60 செ.மீ. அகலத்தைத் தாண்டும். கூடத்தில் அழகாக ஓடி, அவசரத்துக்குப் போகும் இடத்தில் உள்ளே நுழையாத வாக்கர்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அம்மா வாசலிலேயே அதை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் போவார். விழுவது அங்கேதான்.

செராஸ், மகள்: கைப்பிடி எவ்வளவு உயரம் இருக்கணும்?

வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் உயரம். பிடித்ததும் முழங்கை 15 முதல் 30 டிகிரி வரை மடங்கும். என் அப்பாவுக்குக் கடைக்காரர் வைத்துக் கொடுத்த உயரத்தை நானே சரிபார்க்காமல் விட்டேன். இரண்டு மாதம் தோள்பட்டை வலியால் துடித்தார். இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

ஜெலுத்தோங், மனைவி: வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன்ஸ். நாலு சக்கர வாக்கர் கொடுத்தோம். அது முன்னாடி ஓடுது, இவர் சின்னச் சின்ன அடியா வச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடுறார். பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய விஷயம்தான் அம்மா. அந்த நோயில் அடி குறுகி வேகம் கூடும். திரும்பும்போதும் வாசற்படி பக்கத்திலும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னே போகும். சாதாரண பிரேக்கை அழுத்தினால்தான் வண்டி நிற்கும், அந்த நொடியில் அவர் கைக்கு அது எட்டாது. அவருக்கென்றே இரண்டு வகை உண்டு. ஒன்றில், சக்கரம் எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றும்படி வைக்கலாம். இன்னொன்றில் பிரேக் தலைகீழாக வேலை செய்யும்: பிடியை அழுத்தினால் நகரும், விட்டால் நின்றுவிடும். சிலவற்றில் தரையில் லேசர் கோடு விழும். அந்தக் கோட்டைத் தாண்டுவதாக நினைத்து அடி எடுத்து வைத்தால், ஒட்டிய கால் விடுபடுவதுண்டு. எல்லாருக்கும் இது பலிக்காது. மருத்துவமனை பிசியோவிடம் நடத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவரை இப்போதிருக்கும் வாக்கரோடு அவரைத் தனியாக விடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம், பேத்தி: பாட்டி களைச்சுப் போனா அந்தச் சீட்டுல உட்கார வச்சுப் பாசார் வரைக்கும் தள்ளிட்டுப் போறோம். பரவாயில்லையா?

வேண்டாம், தங்கச்சி. அது வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து இளைப்பாறும் இருக்கை. ஆளை உட்கார வைத்துத் தள்ளும்போது சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் மாட்டினால் போதும், வண்டி கவிழ்ந்துவிடும். தள்ளித்தான் போக வேண்டும் என்றால் சக்கர நாற்காலி வாங்குங்கள். உட்காரும் முறையும் முக்கியம்: இரண்டு பிரேக்கையும் கீழே அழுத்திப் பூட்டி, சீட்டு காலில் படும்வரை பின்னால் வந்து, பிடியைப் பிடித்தபடி உட்கார வேண்டும்.

ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்றவர்: லிட்டில் இந்தியா பக்கம் அஞ்சடியில நடக்கவே முடியல. தைப்பூசத்துக்கு ரதம் பார்க்கவும் ஆசை.

ஐயா, கடைகளின் முன்னே கூரைக்குக் கீழ் ஓடும் அந்த அஞ்சடி நடைபாதையில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். 15 செ.மீ. சக்கரம் அங்கே தடுக்கும். 20 செ.மீ. அல்லது அதற்கு மேலுள்ளதை வாங்குங்கள். சாக்கடை மூடியின் கம்பிகளை நேராகக் கடக்காமல் கொஞ்சம் சாய்வாகக் கடந்தால் சக்கரம் இடுக்கில் விழாது. ரதத்தை வீட்டு வாசலிலோ சாலையோரத்திலோ பிரேக்கைப் பூட்டி உட்கார்ந்தபடி தாராளமாகப் பார்க்கலாம். தேங்காய் உடைத்ததும் உடனே எழுந்து நடக்காதீர்கள். சிதறிய ஓட்டிலும் தண்ணீரிலும் சக்கரம் வழுக்கும், அள்ளி முடிக்கும்வரை பொறுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளுக்கு எந்த வாக்கரும் உதவாது.

பிறை, மகன்: அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். பிரேக் பிடிக்க முடியல.

கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினாலே பிடிக்கும் பிரேக் வகை இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், மருமகள்: அரசாங்க உதவி ஏதும் உண்டா?

மாமியாருக்கு ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சமூகநல இலாகாவில் துணைக்கருவிக்கான உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அப்படி அட்டை உள்ள தம் தாயாருக்கு உங்கள் கணவர் வாங்கும் அடிப்படைத் துணைக்கருவிக்கு வருமான வரியில் 6,000 வெள்ளி வரை கழிவும் உண்டு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பட்டர்வொர்த், தங்கை: காலமான பெரியப்பாவோட வாக்கரை அப்பாவுக்குத் தரலாமா?

தரலாம். உயரத்தைப் புதிதாக வையுங்கள். எடை வரம்பு எழுதிய ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். பிரேக்கைப் பூட்டிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் கம்பியை இறுக்க வேண்டும். சக்கர ரப்பர் தேயத் தேய பிரேக் அதை எட்டாமல் போகும், அதனால் மாதம் ஒருமுறை இதைச் சோதியுங்கள்.